பிசகும் நொடிகளின் விலை

கடிகாரம் எவ்வளவு துல்லியமோ அவ்வளவு விலை என்பது ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் தொழிலறிந்த எவரும் மறுக்காத விதியாக இருந்தது. 1714-இல் பிரிட்டன் நாடாளுமன்றம், நடுக்கடலில் கப்பல் நிற்கும் தீர்க்கரேகையை அரைப் பாகைக்குள் கண்டறிய வழி சொல்பவருக்கு 20,000 பவுண்டு பரிசு அறிவித்தபோது, அது உண்மையில் நொடிகளுக்கே விலை வைத்தது. பூமி 1 பாகை சுழல 4 நிமிடம் ஆகிறது. ஆகவே புறப்பட்ட துறைமுகத்தின் நேரத்தைப் பல வாரப் பயணத்துக்குப் பிறகும் 2 நிமிடத்துக்கு மேல் பிசகாமல் காட்டும் கருவி கப்பலில் இருந்தால், கடலில் கண்ட நண்பகலோடு அதை ஒப்பிட்டுத் தீர்க்கரேகையைக் கணித்துவிடலாம். தச்சுத் தொழிலிலிருந்து கடிகாரத் தொழிலுக்கு வந்த ஜான் ஹாரிசனின் எச்4 என்னும் கடிகாரம், 1761-62-இல் ஜமைக்காவுக்குச் சென்ற கப்பலில், ஏற்கெனவே அளந்து வைத்திருந்த அதன் அன்றாடப் பிசகைக் கழித்த பின், ஏறத்தாழ 5 நொடி மட்டுமே பின்தங்கியிருந்தது. அதைப் பார்த்து லார்கம் கெண்டல் செய்த பிரதிக்கு 450 பவுண்டு பேசப்பட்டது. கேப்டன் ஜேம்ஸ் குக் தம் இரண்டாம் பெரும்பயணத்தில் உடன் கொண்டுசென்றது அந்தப் பிரதியைத்தான். அக்காலத்தில் அது பெருந்தொகை. ஆனாலும் பாறையில் மோதாமல் கரை திரும்பும் கப்பலையும் அதிலிருந்த உயிர்களையும் எண்ணிப் பார்த்தால் அதை வீண் செலவென்று சொல்ல இடமில்லை.

அந்த விதி முறியத் தொடங்கிய நாளையும் குறிப்பிட்டுச் சொல்ல முடியும். 1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானின் செய்கோ நிறுவனம் அஸ்ட்ரான் என்னும் உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை டோக்கியோவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பொன்னுறையில் பொதிந்த அதன் விலை 4,50,000 யென். அன்றைய சிறிய டொயோட்டா காரின் விலைக்கு ஏறத்தாழ ஈடு. மாதத்துக்கு 5 நொடிக்குள்தான் அது பிசகும் என்று நிறுவனம் உறுதியளித்தது. அன்றைய தேர்ந்த இயந்திரக் கடிகாரங்கள் ஒரே நாளில் பிசகிய அளவு அது. அன்று விலையும் துல்லியமும் இன்னும் சேர்ந்தே நின்றன; அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் அவை பிரிந்து எதிரெதிர் திசையில் சென்றன. இன்று கடைத்தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கடிகாரம் மாதத்துக்கு 15 அல்லது 20 நொடிக்கு மேல் பிசகுவதில்லை. பல லட்சம் கொடுத்து வாங்கும் சுவிஸ் கடிகாரமோ நாளொன்றுக்கு ஓரிரு நொடியாவது பிசகுகிறது. துல்லியத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டால், உயர்விலைக் கைக்கடிகாரம் அதன் விலைக்குத் தகுதியானதா என்ற கேள்விக்கு விடை 'இல்லை' என்பதே. அதில் விவாதத்துக்கு இடமில்லை. எனினும் அந்த விலையின் ஒரு பகுதி உலோகத்தில் செய்யப்பட்ட மெய்யான வேலைக்கும், மற்றொரு பகுதி பிறர் கண்ணில் அதற்குள்ள மதிப்புக்கும் போகிறது என்பதால், இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்தபின்தான் கேள்விக்கு நேர்மையாக விடை சொல்ல முடியும்.

முதலில் இயந்திரத்தைப் பார்க்க வேண்டும், ஏனெனில் அதன் அருமை தெரியாமல் அதன் விலையைப் பற்றிப் பேசுவது முறையாகாது. சாவி கொடுக்கும்போது, ஒரு சிறு உருளைக்குள் இருக்கும் உலோக நாடா சுருண்டு ஆற்றலைச் சேமிக்கிறது. இதற்கு முதன்மைச் சுருள்வில் என்று பெயர். அது விரிய முயலும் விசை பல்சக்கரங்களின் வழியாக முட்களைச் சுழற்றுகிறது. தடையில்லாமல் விட்டால் நாடா சில கணங்களில் முழுவதும் விரிந்துவிடும் என்பதால், சக்கர வரிசையின் கடைசியில் ஒரு நெம்புகோல் நின்று, ஒவ்வொரு பல்லாகத் தடுத்தும் விடுத்தும் அதைக் கட்டுப்படுத்துகிறது. விடுவிப்பு அமைப்பு எனப்படும் இந்த ஏற்பாட்டின் இன்றைய வடிவம் 1750-களில் லண்டனில் தாமஸ் மட்ஜ் கண்டதிலிருந்து அடிப்படையில் மாறவில்லை. எப்போது தடுப்பது, எப்போது விடுப்பது என்று அந்த நெம்புகோலுக்கு ஆணையிடுவது, இப்படியும் அப்படியுமாக அலையும் சமனிச் சக்கரமும், அதன் அச்சில் பொருத்தப்பட்ட, தலைமுடியினும் மெல்லிய மற்றொரு சுருள்வில்லும் ஆகும். சக்கரத்தின் நிலைமத் திருப்புத்திறன், அதாவது சுழற்சியில் ஏற்படும் மாற்றத்தை அது எதிர்க்கும் அளவு, கூடினால் அலைவு மெதுவாகிறது. வில்லின் விறைப்பு கூடினால் அலைவு விரைவாகிறது. வீச்சு பெரிதோ சிறிதோ, ஓர் அலைவுக்கு ஆகும் காலம் மாறாமல் இருக்க வேண்டும் என்பதே இதன் உயிர்நாடி. சமனிச் சக்கரத்துக்குச் சுருள்வில் பூட்டலாம் என்று 1675-இல் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் வெளியிட்ட யோசனை அந்த இலக்கை முதன்முதலில் கைக்கெட்டும் தொலைவில் கொண்டுவந்தது.

இன்றைய இயந்திரக் கடிகாரங்கள் பலவற்றில் சமனிச் சக்கரம் நொடிக்கு 8 முறை திசை மாற்றுகிறது. ஒரு நாளில் அது 6,91,200 முறை. அப்படிப்பட்ட கடிகாரம் நாளுக்கு 5 நொடி பிசகினால், அந்த ஆறு லட்சத்துச் சொச்ச அசைவுகளில் 40 மட்டுமே கூடியோ குறைந்தோ போயிருக்கின்றன. அதாவது 17,280-இல் ஒரு பங்கு பிசகு. எந்த மின்னணுத் திருத்தமும் இல்லாமல், வெறும் வில்லும் பல்லும் எண்ணெய்த் துளியும் சேர்ந்து, கை வீசுவதையும் படியிறங்குவதையும் வெயிலையும் குளிரூட்டிய அறையையும் தாங்கிக்கொண்டு இந்த ஒழுங்கைக் காப்பது மனிதக் கைவினையின் பெரும் சாதனைகளுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. குவார்ட்ஸோடு ஒப்பிட்டு இதைக் குறைவாக மதிப்பிடுபவர்கள், எடுத்த வேலையின் கடினத்தைக் கணக்கில் கொள்வதில்லை.

அந்தக் கடினத்தின் வரலாறு எதிரிகளின் பட்டியலாகவே நீள்கிறது. வெப்பம் ஏறினால் எஃகு வில்லின் விறைப்பு குறைகிறது. ஈடுசெய்யப்படாத எஃகு வில் கொண்ட கடிகாரம் ஒரு பாகை செல்சியசுக்கு நாளொன்றில் ஏறத்தாழ 10 நொடி பின்தங்கும். கடிகாரத் தொழிலாளியின் மகனான ஷார்ல் எதுவார் கியோம், பாரிசுக்கு அருகிலுள்ள பன்னாட்டு எடைகள் அளவுகள் பணியகத்தில் நிக்கலும் எஃகும் கலந்த உலோகங்களை ஆராய்ந்து, வெப்பத்தால் ஏறக்குறைய விரிவடையாத இன்வாரையும், விறைப்பு மாறாத எலின்வாரையும் கண்டளித்தார். 1920-இன் இயற்பியல் நோபல் பரிசு அதற்காக அவருக்குத் தரப்பட்டது. ஐன்ஸ்டைனுக்கு முந்தைய ஆண்டு அந்தப் பரிசைப் பெற்றது கடிகார வில்லுக்கும் அளவுகோலுக்கும் பயன்பட்ட ஓர் உலோகக் கலவை என்பது, துல்லிய அளவீட்டை இயற்பியல் எவ்வளவு உயர்வாக மதித்தது என்பதைக் காட்டுகிறது. காந்தம் அடுத்த எதிரி. ஒலிபெருக்கி, கைப்பேசி உறையின் மூடி போன்றவற்றின் அருகே சென்றாலே பழைய எஃகு வில்லின் சுற்றுகள் காந்தமேறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளக்கூடும்; அப்போது வில்லின் பயன்படும் நீளம் குறைந்து கடிகாரம் தறிகெட்டு முந்துகிறது. நியோபியம் கலவையிலும் சிலிக்கானிலும் வில் செய்யத் தொடங்கியதும் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்தது. 15,000 காஸ் வலிமையுள்ள காந்தப்புலத்தைத் தாங்கும் இயந்திரத்தை ஒமேகா நிறுவனம் 2013-இல் காட்டியது. இவையெல்லாம் மெய்யான பொறியியல் முன்னேற்றங்கள். இவற்றுக்காகக் கொடுக்கும் பணத்துக்குக் கையில் பலன் உண்டு.

ஆனால் எல்லா நுட்பத்துக்கும் இப்படிச் சொல்ல முடியாது. மிக அதிக விலைக்கு விற்கும் டூர்பியோன் என்னும் அமைப்பு இதற்குத் தக்க சான்று. சமனிச் சக்கரம் எவ்வளவு கவனமாகச் செய்யப்பட்டாலும் அதன் எடை நடுவில் மிகச் சரியாக அமைவதில்லை என்பதால், கடிகாரம் செங்குத்தாக நிற்கும்போது புவியீர்ப்பு அதன் அலைவை ஒரு பக்கமாகக் கெடுக்கிறது. ஆபிரகாம் லூயி பிரெகே, விடுவிப்பு அமைப்பையும் சமனிச் சக்கரத்தையும் ஒரு கூண்டுக்குள் வைத்து, கூண்டையே மெல்லச் சுழலவிட்டால் ஒரு நிலையில் வரும் பிசகை எதிர்நிலையில் வரும் பிசகு சரிக்கட்டிவிடும் என்று கண்டு, 1801-இல் காப்புரிமை பெற்றார். சட்டைப்பையில் நாள் முழுவதும் ஒரே நிலையில் நின்ற அக்காலக் கடிகாரத்துக்கு அது கூர்மையான தீர்வு. மணிக்கட்டிலிருக்கும் கடிகாரமோ நொடிக்கு நொடி நிலை மாறுகிறது. பிரெகே கூண்டால் செய்ததைக் கை தானாகவே செய்துவிடுகிறது. அழகுக்காகவும் செய்திறனுக்காகவும் டூர்பியோனைப் போற்றலாம். கைக்கடிகாரத்தின் துல்லியத்துக்காக அதற்கு விலை கொடுக்கும் அடிப்படை வலுவற்றது.

துல்லியத்துக்குப் பொதுவான சான்றும் உண்டு. 1973-இல் நிறுவப்பட்ட சுவிஸ் அதிகாரபூர்வக் காலமானிச் சோதனைக் கழகம், ஒவ்வோர் இயந்திரத்தையும் 15 நாள், 5 நிலைகளில், 8, 23, 38 பாகை செல்சியஸ் என 3 வெப்பநிலைகளில் ஓடவிட்டு, நாளுக்குச் சராசரியாக 4 நொடி பின்தங்குவதற்கும் 6 நொடி முந்துவதற்கும் இடைப்பட்டிருந்தால் சான்றளிக்கிறது. ரோலக்ஸ் 2015 முதல் தன் கடிகாரங்கள் அனைத்துக்கும் இரு புறமும் 2 நொடி என்ற இன்னும் குறுகிய எல்லையை வகுத்துக்கொண்டது. குறிப்பிடத்தக்கது என்னவென்றால், இச்சான்று பெற்ற இயந்திரங்கள் ஒரு லட்சம் ரூபாய்க்கும் கிடைக்கின்றன. பத்து லட்சம், ஐம்பது லட்சம் என்று விலை ஏறும்போது துல்லியம் அதற்கேற்ப ஏறுவதே இல்லை. இயந்திரக் கடிகாரங்களை மட்டும் தங்களுக்குள் ஒப்பிட்டாலும் அந்தப் பழைய விதி செல்லுபடியாகவில்லை.

குவார்ட்ஸ் இவ்வளவு மலிவாக இவ்வளவு துல்லியம் தருவதற்குக் காரணம் இயற்பியலில் தெளிவாக உள்ளது. சில படிகங்களை அழுத்தினால் அவற்றின் முகங்களில் மின்னூட்டம் தோன்றுகிறது, மின்னழுத்தம் கொடுத்தால் அவை உருமாறுகின்றன என்பதைப் பியர் கியூரியும் அவருடைய அண்ணன் ழாக்கும் முறையே 1880-இலும் அதற்கடுத்த ஆண்டிலும் காட்டினர். இது அழுத்தமின் விளைவு எனப்படுகிறது. 1927-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வாரன் மேரிசனும் ஜே. டபிள்யூ. ஹார்ட்டனும் இந்த விளைவைக் கொண்டு முதல் குவார்ட்ஸ் கடிகாரத்தை அமைத்தபோது அது அறையில் வைக்கும் அளவுக்குப் பெரிதாக இருந்தது. இன்றைய கைக்கடிகாரத்தில் இரு கிளை கொண்ட இசைக்கவை வடிவில் வெட்டப்பட்ட சில மில்லிமீட்டர்ப் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இந்த எண் 2-ஐ 15 முறை பெருக்கக் கிடைப்பது. ஆகவே மின்சுற்று அதைத் தொடர்ந்து 15 முறை பாதியாக்கினால் நொடிக்கு ஒரு துடிப்பு மிஞ்சுகிறது. இதைவிடக் குறைந்த அதிர்வெண்ணுக்குப் படிகம் பெரிதாக வேண்டும், கூடிய அதிர்வெண்ணுக்கு மின்கலம் விரைவில் தீரும் என்பதால் இந்த எண் நடுநிலையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது.

அதிர்வெண் கூடியதைவிட முதன்மையான காரணம் ஒன்று உண்டு. அலையும் எந்தப் பொருளும் ஒவ்வோர் அலைவிலும் கொஞ்சம் ஆற்றலை இழக்கிறது. சேமித்த ஆற்றலுக்கும் இழக்கும் ஆற்றலுக்கும் உள்ள விகிதத்தை இயற்பியலில் தரக்காரணி என்பர். இழப்பு கூடினால் வெளியிலிருந்து அடிக்கடி உந்த வேண்டும்; ஒவ்வோர் உந்தலும் இயல்பான தாளத்தைச் சற்றுக் குலைக்கிறது. கைக்கடிகாரச் சமனிச் சக்கரத்தின் தரக்காரணி சில நூறு என்றால், குவார்ட்ஸ் கவையினுடையது பல்லாயிரம். சக்கரம் தள்ளாட்டத்தோடு தாளத்தைக் காக்கும் இடத்தில் படிகம் ஏறக்குறைய தனியே தன் தாளத்தில் நிற்கிறது. மேலும், கவை வடிவப் படிகத்தின் வேகம் 25 பாகையை ஒட்டி மிகக் குறைவாகவே மாறுகிறது. அங்கிருந்து 10 பாகை விலகினாலும் நாளொன்றுக்குக் கால் நொடியளவே பின்தங்கும். மனித உடலின் வெப்பம் மணிக்கட்டிலுள்ள கடிகாரத்தைப் பெரும்பாலான நேரம் அந்த எல்லைக்கு அருகிலேயே வைத்திருப்பதால், எந்தச் செலவுமில்லாத வெப்பச் சீராக்கி ஒன்று அதற்குக் கிடைத்துவிடுகிறது. 1970-களில் இந்தக் கவைகளை மின்னணுச் சில்லுகளைப் போலவே ஒளியச்சு முறையில் ஒரு தகட்டிலிருந்து பெருந்தொகையாகப் பொறித்தெடுக்கத் தொடங்கியதும் அஸ்ட்ரானின் கார் விலை சில்லறை விலையாக இறங்கியது.

சுவிட்சர்லாந்தில் இதன் விளைவு கடுமையாக இருந்தது. 1970-இல் ஏறத்தாழ 90,000 பேர் வேலைசெய்த கடிகாரத் தொழிலில் 1980-களின் நடுவில் முப்பதாயிரத்துச் சொச்சம் பேரே எஞ்சினர். 51 உறுப்புகள் மட்டுமே கொண்ட ஸ்வாட்ச் என்னும் நெகிழிக் குவார்ட்ஸ் கடிகாரம் 1983-இல் வந்து தொழிலைத் தாங்கிப் பிடித்தது. அதே காலத்தில் தமிழ்நாட்டிலும் இந்தத் தொழில்நுட்ப மாற்றத்தையொட்டி ஒரு முடிவு எடுக்கப்பட்டது: டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து 1984-இல் தொடங்கி ஓசூரில் ஆலை அமைத்த டைட்டன் நிறுவனம், குவார்ட்ஸையே தன் அடித்தளமாகக் கொண்டது. ஜப்பானின் சிட்டிசன் துணையோடு 1961-இல் பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கி, சாவி கொடுக்கும் கடிகாரங்களால் ஒரு தலைமுறையின் கைகளை நிறைத்திருந்த எச்எம்டி பின்தங்கியது. அதன் கடிகார நிறுவனத்தை மூடும் முடிவு 2016-இல் எடுக்கப்பட்டது. டைட்டன் 2002-இல் எட்ஜ் என்ற பெயரில் 3.5 மில்லிமீட்டர் தடிப்பே உள்ள கடிகாரத்தைச் சில ஆயிரம் ரூபாய்க்கு விற்றது. பொறியியல் அருமைக்கும் விலைச்சீட்டுக்கும் கட்டாயத் தொடர்பு இல்லை என்பதற்கு அதைவிட அருகிலுள்ள சான்று வேண்டியதில்லை.

இயந்திரக் கடிகாரம் அழியவில்லை. துல்லியத்தில் தோற்றதை ஒப்புக்கொண்டு, தன் செய்திறனையே விற்கத் தொடங்கியது. இங்கேதான் விலையின் நியாயமான பகுதி இருக்கிறது. தேர்ந்த பட்டறையில் இயந்திரத்தின் தாங்குதகடுகளுடைய விளிம்பு ஒவ்வொன்றும் 45 பாகைச் சாய்வில் சீவப்பட்டுக் கண்ணாடிபோல் மெருகேற்றப்படுகிறது. இரு விளிம்புகள் உட்புறமாகச் சந்திக்கும் கூர்முனையில் சுழலும் கருவி நுழைய முடியாது என்பதால், அந்த மூலையை அரமும், ஜென்ஷன் என்னும் மலைச்செடியின் தண்டும், வைரத்தூள் பசையும் கொண்டு கையால்தான் முடிக்க வேண்டும். திருகின் தலையையும் சிறு எஃகு உறுப்புகளையும் தகரத் தகட்டின்மேல் வைரப் பசையிட்டுத் தேய்த்து, ஒரு கோணத்தில் பார்த்தால் முழுக் கறுப்பாகவும் மறுகோணத்தில் வெண்மையாகவும் தெரியும் வரை சமதளமாக்குவது கரும்மெருகு எனப்படுகிறது. ஒரு தூசி நுழைந்தாலும் கீறல் விழுந்து வேலையை முதலிலிருந்து தொடங்க நேரும். சுவிட்சர்லாந்தின் ழூ பள்ளத்தாக்கில் ஃபிலிப் துஃபூர் இவ்வகையில் முடித்த சிம்ப்ளிசிட்டி என்னும் கடிகாரங்கள் ஏறத்தாழ 200 மட்டுமே. நேரமும் நொடியும் தவிர வேறெதுவும் காட்டாத அந்தக் கடிகாரம் ஒவ்வொன்றிலும் பல மாத உழைப்பு அடங்கியிருக்கிறது. அந்த உழைப்புக்கு உரிய கூலி கணக்கிடப்பட்டால் விலை உயர்ந்தே தீரும்; அதைக் கொடுப்பது நெசவாளியின் நேர்த்தியான கைத்தறிப் பட்டுக்கு விலை கொடுப்பதைப் போன்றது, அதில் குறைசொல்ல ஏதுமில்லை.

இந்த நியாயத்தைக் கடன் வாங்கிக்கொள்ளும் கடிகாரங்களே சிக்கலானவை. பல்லாண்டுகளாக வெவ்வேறு நிறுவனங்களின் பெயர் பொறித்த கடிகாரங்களுக்குள் ஒரே ஈட்டிஏ ஆலையின் 2824 என்னும் எண்ணிட்ட இயந்திரமே ஓடியிருக்கிறது. சில நூறு ஃபிராங்க் கடிகாரத்திலும் சில ஆயிரம் ஃபிராங்க் கடிகாரத்திலும் இருந்தது அதே வடிவமைப்பு. தரப்படிகளில் வேறுபாடு இருந்தது உண்மை. அந்த வேறுபாடு விலை வேறுபாட்டுக்கு ஈடாகாது என்பதும் உண்மை. 2017 முதல் நடைமுறையிலுள்ள சட்டப்படி, உற்பத்திச் செலவில் 60 விழுக்காடாவது சுவிட்சர்லாந்தில் செலவாகியிருந்தால் கடிகாரத்தில் சுவிஸ் தயாரிப்பு என்று பொறிக்கலாம். எஞ்சிய பங்கு எங்கிருந்தும் வரலாம். கணினி வழிநடத்தும் எந்திரம் வெட்டி முடித்த உறுப்புகளைக் கைவினைப் பட்டறையின் படங்களோடு விளம்பரப்படுத்தி, கைவினையின் விலையை வசூலிப்பது வாங்குபவருக்கும் அந்தக் கைவினைஞர்களுக்கும் செய்யப்படும் அநீதி.

மூலப்பொருளும் விலையை விளக்கப் போதாது. இதை முதலில் வெளிப்படையாகக் காட்டியது 1972-இல் ஓதமார் பிகே நிறுவனம் வெளியிட்ட ராயல் ஓக். ஜெரால்ட் ஜென்டா வரைந்த எண்கோண முகப்பு வளையமும் எட்டுத் திருகுகளும் கொண்ட அந்த எஃகுக் கடிகாரத்துக்கு 3,300 ஃபிராங்க் விலை வைக்கப்பட்டது. பொன் கடிகாரங்கள் பலவற்றைவிட அது அதிகம். அதில் வேலை இல்லாமலில்லை. பொன்னைவிடக் கடினமான எஃகைப் பொன்னுக்குரிய நுணுக்கத்தோடு சீவி முடிப்பது செலவு மிக்கதே. ஆனால் அது திறந்துவிட்ட வழியில் பின்னால் வந்த எஃகுக் கடிகாரங்களுக்கு விலை வைத்தது வேலையன்று, கிடைக்காமையே.

இந்தக் கிடைக்காமையின் பொருளியலைத் தோர்ஸ்டீன் வெப்லன் 1899-இலேயே எழுதினார். சில பொருள்களை மக்கள் விலை அதிகமாயிருந்தும் வாங்கவில்லை, விலை அதிகமாயிருப்பதாலேயே வாங்குகிறார்கள் என்பது அவர் கண்டது. 1973-இல் மைக்கேல் ஸ்பென்ஸ் பொருளியலிலும், 1975-இல் அமோட்ஸ் சகாவி உயிரியலிலும் இதற்கு ஒரே அடிப்படையைத் தனித்தனியே வகுத்தனர்: ஒரு சைகை நம்பப்பட வேண்டுமானால், இல்லாதவர் அதைக் காட்டுவது இருப்பவரைவிடக் கடினமாக இருக்க வேண்டும். மயிலின் நீண்ட தோகை அதன் உடல்வலுவுக்குச் சான்றாவது, வலுவில்லாத மயில் அந்தச் சுமையோடு பிழைக்க முடியாது என்பதால்தான். உயர்விலைக் கடிகாரத்தில் இந்தத் தர்க்கத்தைச் சோதித்துப் பார்க்க எளிய வழி போலிகள். வல்லுநர் பின்மூடியைத் திறக்காமல் அடையாளம் காண முடியாத அளவுக்கு இன்று போலிகள் வந்துவிட்டன. அவை பெருகும்போது உண்மைக் கடிகாரத்தின் ஒரு பல்சக்கரம்கூட மாறுவதில்லை, இருந்தும் உரிமையாளர் இழப்பை உணர்கிறார். அந்த இழப்பு எவ்வளவோ, கொடுத்த விலையில் அவ்வளவு பங்கு உலோகத்துக்கு வெளியே இருந்தது என்று கொள்ளலாம்.

அந்தப் பங்கு வெறும் மாயை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 2008-இல் கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள், ஒரே மதுவை 10 டாலர் என்றும் 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்து, பருகுபவரின் மூளையைக் காந்த ஒத்ததிர்வுப் படமாகப் பதிவுசெய்தனர். விலை அதிகம் என்று நம்பியபோது, இன்ப உணர்வோடு தொடர்புள்ள நெற்றிப்புற மூளைப்பகுதியின் செயல்பாடும் அதிகரித்தது. பருகியவர்கள் பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே கூடுதலாக மகிழ்ந்தனர். பொருளின் வரலாறும் இப்படியே வேலை செய்கிறது. நடிகர் பால் நியூமன் அணிந்த ரோலக்ஸ் டேடோனா 2017 அக்டோபரில் நியூயார்க் ஏலத்தில் 1.77 கோடி டாலருக்கு மேல் போனது. அதே வகையைச் சேர்ந்த, அவர் கையில் இருந்திராத கடிகாரங்கள் அதில் சிறு பங்கு விலைக்கே விற்றிருக்கின்றன. 2019-இல் ஜெனீவாவில், தசைச்சிதைவு நோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டிய ஏலத்தில் படேக் பிலிப் நிறுவனத்தின் கிராண்ட்மாஸ்டர் சைம் 3.1 கோடி ஃபிராங்குக்குப் போனது. அதன் உறை எஃகு, அந்த வகையில் எஃகில் செய்யப்பட்டது அது ஒன்றே. இந்த இன்பம் மெய்யானது. ஆனால் அது பிறருடைய நினைவையும் ஆசையையும் சார்ந்து நிற்பதால், அவை தேய்ந்தால் கடிகாரம் சிறிதும் பழுதாகாமலேயே தேய்ந்துவிடும் என்பதை அறிந்து வாங்குபவரே ஏமாறாதவர்.

கடிகாரத்தை முதலீடாகக் கருதுவோர் மறப்பதும் இதையே. ஏலத்தில் சாதனை படைத்த சில வகைகளே செய்தியாகின்றன. வாங்கிய கடையைவிட்டு வெளியேறியதும் விலையில் கணிசமான பங்கை இழக்கும் பெரும்பான்மைக் கடிகாரங்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. கொரோனாக் காலத்தில் தாறுமாறாக ஏறிய மறுவிற்பனை விலைகள் 2022-இன் வசந்தத்திலிருந்து சரியத் தொடங்கின.

கடைசியாக ஒரு நன்மை எஞ்சுகிறது. உயர்விலைக் கடிகாரத்துக்காக வாதாடுவோர் பெரிதும் நம்புவது அதைத்தான். இயந்திரக் கடிகாரத்தைப் பழுதுபார்த்துப் பல தலைமுறை ஓட்டலாம். குவார்ட்ஸ் கடிகாரத்தின் மின்சுற்று செயலிழந்து, அந்தச் சில்லின் உற்பத்தியும் நின்றுபோனால் அதற்கு மறுவாழ்வு அரிது. இதில் உண்மை உண்டு, ஆனால் செலவும் உண்டு. அச்சுகள் சுழலும் மாணிக்கக் குழிகளில் உள்ள எண்ணெய் காலப்போக்கில் கெட்டியாகிறது, இடம்பெயர்கிறது. எனவே ஐந்து முதல் பத்து ஆண்டுகளுக்கு ஒரு முறை கடிகாரத்தை முழுவதும் பிரித்துக் கழுவி எண்ணெயிட வேண்டும். கிரீனிச்சில் ஹாரிசனின் முதல் மூன்று கடிகாரங்களை ஓடவிடுபவர்கள், எண்ணெயை நம்பியிருக்கும் எச்4-ஐத் தேய்மானத்துக்கு அஞ்சி நிறுத்தியே வைத்திருக்கிறார்கள். உயர்விலைக் கடிகாரத்தின் ஒரு முறைப் பராமரிப்புக்கு ஆகும் தொகையில் நல்ல குவார்ட்ஸ் கடிகாரங்கள் பலவற்றை வாங்கிவிடலாம். முப்பது ஆண்டுக் கணக்கில் அதையும் விலையோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

பழுதுபார்க்கும் வாய்ப்பும் இனி முன்போல் இருக்கப்போவதில்லை. எஃகிலோ நிக்கல் கலவையிலோ செய்த வில்லை, நுண்கரண்டியால் வளைத்தும் நீளத்தைத் திருத்தியும் சீராக்கத் தெரிந்த பட்டறை எந்த நாட்டிலும் இருக்கலாம். தேய்ந்த பல்சக்கரத்துக்கு மாற்றாகப் புதிதொன்றை வெட்டிக்கொள்ளவும் அவர்களால் முடியும். காந்தத்தையும் வெப்பத்தையும் வென்று துல்லியத்தை உயர்த்திய சிலிக்கான் வில்லோ வளைத்தால் திருந்தாது, உடையும். மின்னணுச் சில்லு செய்யும் ஆலையில் பொறித்தெடுத்த அதை எந்தப் பட்டறையாலும் செய்ய முடியாது, நிறுவனம் கொடுத்தால்தான் உண்டு. பல நிறுவனங்கள் தங்கள் சொந்தப் பணிமனைகளுக்கு அப்பால் உதிரிப்பாகங்களைத் தருவதில்லை என்ற நிலையில், இயந்திரக் கடிகாரத்தைக் குவார்ட்ஸிடமிருந்து பிரித்துக் காட்டிய ஒரே பயன்பாட்டு நன்மை, அதே துல்லியத்தைத் தேடும் பாதையில் கைநழுவிக்கொண்டிருக்கிறது. ஆகவே பல லட்சம் கொடுத்து இயந்திரக் கடிகாரம் வாங்க எண்ணுபவர் முதலில் கேட்க வேண்டியது, அது நாளுக்கு எத்தனை நொடி பிசகும் என்பதையன்று. அதன் வில் எதனால் ஆனது, அதற்கான உதிரிப்பாகங்களை நிறுவனத்துக்கு வெளியே யார் பெற முடியும், நாற்பது ஆண்டு கழித்து அதைத் திறக்கத் தெரிந்த கை எங்கே இருக்கும் என்பவற்றைத்தான்.